குட்டியைத் தூக்க வேண்டாம் அம்மா

ஜூன் 3

அம்மா,

இங்கிருந்து நீ ஊருக்குத் திரும்பிப் போய் நாளையோடு மூன்று மாதம். போனை அணைத்து மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டாய் என்று மாடிவீட்டு டீச்சர் சொன்னார்கள். காது கேட்காதவளுக்குப் போன் எதற்கு என்று கேட்டாயாம். மெசேஜாவது படிக்கலாம். படிக்கமாட்டாய். அதனால்தான் கடிதம். தபாலில் வந்ததைப் பிரிக்காமல் வைக்க உன்னால் முடியாது என்று எனக்குத் தெரியும். விளம்பர நோட்டீஸைக்கூட இரண்டு முறை படிக்கிறவள் நீ.

குட்டி தூங்குகிறாள். நாற்பது நிமிஷம் கிடைக்கும். அதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

நான் அவளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்து நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாய். துண்டோடு வெளியே வந்து பார்த்தால் கட்டில் விரிப்பு மடித்து வைத்திருக்கிறது, ஆள் இல்லை. அது மட்டும் சரியா?

உனக்கு எழுதிக் காட்டுகிற நோட்டில் நான் ஒரே ஒரு வரிதான் எழுதினேன். "கிருமி ரிப்போர்ட் வந்திருக்கிறது, குட்டியைத் தூக்க வேண்டாம் அம்மா." அவ்வளவுதான். கத்தவில்லை. கத்தியிருந்தாலும் உனக்குக் கேட்டிருக்காது என்று சொல்ல வரவில்லை. இந்த வரியை அடித்துவிடலாமா என்று பார்க்கிறேன், அடித்தால் இன்னும் உற்றுப் பார்த்துப் படிப்பாய்.

முந்தின நாள் வந்த உன் சிறுநீர் ரிப்போர்ட்டில் கிருமி எண்ணிக்கை லட்சத்துக்கு மேல். காலையில் உன் வயிற்றில் ஒட்டியிருக்கும் பை கசிந்து படுக்கை நனைந்திருந்தது, அந்த ஈரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி நாற்பது நாள் குழந்தை. நான் என்ன செய்திருக்க வேண்டும்? இவரைக் கேட்டால், "நீ எழுதினது தப்பில்ல, எழுதின நேரம்தான் தப்பு" என்கிறார். எனக்கு இரண்டுமே தப்பாகத் தோன்றவில்லை. நான் பிறந்தபோது எதிர்வீட்டு இருமல்காரரை வாசலோடு திருப்பி அனுப்பியவள்தானே நீ.

அது போகட்டும். ஸ்கேன் எடுத்தாயா? சிறுநீர்ப்பையை எடுத்த டாக்டர் அன்றைக்கு, "அஞ்சு வருஷம் தாண்டிட்டா கேன்சர் பத்தி பயம் இல்ல" என்று சொன்னதைப் பிடித்துக்கொண்டு, ஐந்து முடிந்ததும் ஸ்கேனுக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டாய். இப்போது ஒன்பதாவது வருடம். மாதச் சாம்பிளையாவது கொடுக்கிறாயா? நான் சொல்லிக்கொடுத்தபடிதானே? இரண்டு மணி நேரம் பை நிறைந்த பிறகு, அடிக்குழாயைத் திறந்து, வெந்நீரில் கழுவிய பாட்டிலில் பிடித்து, பெயரும் தேதியும் ஒட்டி.

எழுந்துவிட்டாள்.

எங்கேஜ்


ஜூன் 11

எங்கேஜுக்கு,

கடிதம் வந்தது. மூன்று முறை படித்தேன்.

பிறந்தபோது நீ விட்டு விட்டு அழுத அழுகை போனில் கேட்கும் எங்கேஜ் டோன் மாதிரியே இருந்தது. ஆபரேட்டர் பெற்ற பிள்ளைக்கு வேறென்ன பெயர் வரும் என்று ஆபீஸில் சிரித்தார்கள். இன்றைக்கும் நீ அப்படித்தான். நீயே கேட்டு, நீயே பதில் சொல்லி, நீயே கோபித்துக்கொண்டு வைத்துவிடுகிறாய். எதிர்முனையில் இருப்பவள் எந்த இடைவெளியில் புகுந்து பேசுவது?

சின்னவள் எப்படி இருக்கிறாள் என்று நீ கேட்கவில்லை. வயிற்றில் தொங்குகிற இந்தப் பைக்கு அந்தப் பெயரை வைத்தது நீதான். கல்லூரியில் இரண்டாம் வருடம் உனக்கு. ஆஸ்பத்திரியிலிருந்து என்னைக் கூட்டிக்கொண்டு வந்த அன்று, "எனக்கொரு தங்கச்சி வந்திருக்கா, சும்மா சும்மா நனைக்கிறா" என்று டீச்சரிடம் சொல்லிச் சிரித்தாய். பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாய். தண்ணீர்ச் சத்தத்தில் எனக்குத் தெரியாதென்று நினைத்தாய். அப்போது எனக்குக் காது கேட்டது.

அந்தச் சின்னவளைத் துணிக்குள் கட்டிக்கொண்டு ஆறு வருடம் வேலைக்குப் போனேன். நாற்பது லைன், ஒரு போர்டு. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து காலி செய்துவிட்டு வருவேன். ஒருத்தருக்கும் தெரியாது. எதிர்முனையில் இருப்பவருக்கு ஆபரேட்டர் என்றால் வயிறே கிடையாது, குரல் மட்டும்தான். அது எனக்குப் பிடித்திருந்தது. அப்புறம் கிருமிக்கென்று போட்ட அந்த ஊசிகள். ஒரு திங்கட்கிழமை போர்டில் விளக்கு எரிகிறது, எடுத்தால் காதில் ஒன்றும் இல்லை. "லைன்ல இருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். யார் லைனில் இருந்தார்கள் என்று இன்றுவரை தெரியாது.

நீ எழுதிய தாளைக் கிழித்துக்கொண்டு வந்துவிட்டேன். உன் நோட்டில் ஒன்று குறையும். எதிர்வீட்டு இருமல்காரரை நான் அனுப்பியது உண்மை. அவர் உன் அம்மா இல்லை.

மாதச் சாம்பிள் கொடுத்தாகிவிட்டது, வழக்கம்போல் கிருமி. இந்தத் தடவை ஊசிக்குப் போகவில்லை. கால் செருப்புக்குள் நுழைய மாட்டேன் என்கிறது, அதனால் தெருவில் இறங்குவதில்லை. வாயில் எந்நேரமும் சாவியைக் கடித்த ருசி. மற்றபடி குறையில்லை. சின்னவள்கூட இப்போது சமர்த்து. காலையில் காலி செய்தால் மாலைவரை பாதிகூட நிறைவதில்லை. வயதாக ஆக அவளும் அடங்குகிறாள் போலிருக்கிறது.

லைனில் இரு.

அம்மா


ஜூன் 16

அம்மா,

சின்னவள் சமர்த்தாக இருக்கக் கூடாது. அவள் நிறைய வேண்டும். நிறையாவிட்டால் உள்ளேயிருந்து வரவில்லை என்று அர்த்தம். இதை எப்படி இத்தனை மாலை பார்த்துவிட்டு மாடிக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தாய்?

டீச்சருக்குச் செய்தி அனுப்பிவிட்டேன். நாளைக் காலையில் வண்டி வைத்து உன்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார்கள். இதை நீ படிப்பதற்குள் போயிருப்பாய், செருப்பு நுழையாவிட்டால் வெறுங்காலோடு கூட்டிப்போகச் சொல்லியிருக்கிறேன். சண்டை போடாதே. என்னோடு அப்புறம் போடலாம்.

நானே வந்திருப்பேன். குட்டிக்கு நெஞ்சில் சளி, இரவும் பகலும் ஆவி பிடிக்கிறோம். ஒன்றரை நாள் ரயில் இப்போது கூடவே கூடாது என்று குழந்தை டாக்டர் சொல்லிவிட்டார். இவரிடம் விட்டுவிட்டு வரலாம் என்றால் பால் குடிக்கிற பிள்ளை. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒருத்தியை விட்டுவிட்டு ஒருத்தியிடம் போகிற மாதிரியே இருக்கிறது.

பதில் எழுது. இரண்டு வரி போதும்.

எங்கேஜ்


ஜூன் 25

எங்கேஜுக்கு,

இரண்டு வரியில் முடியாது.

டாக்டர் பேசிக்கொண்டே போனார். நான் அவர் மேஜைமேல் இருந்த காகித எடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டீச்சர் கண்ணைத் துடைக்க ஆரம்பித்த பிறகுதான் விஷயம் என்னைப் பற்றியது என்று உறைத்தது. அப்புறம் எழுதிக் காட்டச் சொன்னேன். படம் போட்டார். நன்றாகத்தான் வரைகிறார்.

சிறுநீரகத்திலிருந்து இறங்குகிற இரண்டு குழாயையும் குடல் துண்டில் கொண்டுவந்து தைத்திருந்தார்கள் இல்லையா, அந்தத் தையல் இடத்தில் சுருங்கிச் சுருங்கி ஊசிக்கண் மாதிரி ஆகிவிட்டதாம். இடது பக்கம் எப்போதோ அணைந்துவிட்டது. வலது பக்கம் தண்ணீர் கட்டி வீங்கிக் கிடக்கிறது. முதுகில் ஓட்டை போட்டு ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். ஏதோ வருகிறது, போதாது என்கிறார். வருடத்துக்கு ஒரு ஸ்கேன் பார்த்திருந்தால் நாலு வருடம் முன்பே தெரிந்திருக்குமாம். வலித்திருந்தால் போயிருப்பேன். ஒன்பது வருடமாக என் உடம்பில் வலிக்காத இடம் அது ஒன்றுதான்.

புற்றுநோய் திரும்ப வரவில்லையாம். அதை மட்டும் வாழ்த்துச் சொல்வது போல் இரண்டு தடவை எழுதிக் காட்டினார்.

பழைய ஊசிச் சீட்டுகளையும் கேட்டார். உன் ஒழுங்கு எனக்கேது, எல்லாக் காகிதமும் என் மகளிடம் இருக்கிறது என்றேன்.

குட்டிக்குச் சளி இறங்கியதா? ஆவி பிடிக்கும்போது அவள் முகத்துக்கு நேரே காட்டாதே, சூடு.

லைனில் இரு.

அம்மா


ஜூலை 2

அம்மா,

நான்காவது தடவையாக இதை எழுதுகிறேன். முதல் மூன்றிலும் உன்னிடம் சொல்ல வந்ததைத் தவிர எல்லாம் இருந்தது.

முதுகுக் குழாயை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கேட்டு வரலாம் என்று இங்கே உள்ள ஆஸ்பத்திரிக்குப் போனேன். பை வைத்தவர்களுக்கென்றே ஒரு நர்ஸ் இருக்கிறாள், எல்லாரும் பை சிஸ்டர் என்கிறார்கள். அவள் மேஜையில் ரப்பரில் செய்த ஒரு வயிறு, அதில் உன்னுடையதைப் போலவே சிவப்பாக, சிறுநீர் வெளியே வருகிற ஒரு வாய். நான் உன் ஃபைலை எடுத்து வைத்தேன். ஒன்பது வருட ரிப்போர்ட், தேதி வாரியாக, ஊசி போட்ட மாதங்களுக்கு மஞ்சள் சீட்டு ஒட்டி. இப்படி ஒரு ஃபைலை அவள் பார்த்திருக்கமாட்டாள் என்று எனக்குள் ஒரு நினைப்புகூட இருந்தது.

புரட்டினாள். பிறகு கேட்டாள், "சாம்பிள் எங்கேர்ந்து எடுப்பீங்க?"

"பையிலேர்ந்துதான். அடிக்குழாயைத் திறந்து."

"எப்பவுமேவா?"

"எப்பவுமே. ரொம்ப சுத்தமா எடுப்போம் சிஸ்டர். பாட்டிலை வெந்நீர்ல ரெண்டு தடவை கழுவி..."

ஃபைலை மூடிவிட்டாள். "பாட்டில் சுத்தம்தாம்மா. பைதான் சுத்தமில்ல."

பையில் தேங்கி நிற்பதில் யாருக்கும் கிருமி இருக்குமாம். பையைக் கழற்றி, வாயைத் துடைத்து, மெல்லிய குழாயை உள்ளே விட்டுப் புதிதாக வருவதைப் பிடிக்க வேண்டுமாம். அதிலும் கிருமி இருந்தாலும், காய்ச்சல் இல்லையென்றால் மருந்தே தேவையில்லையாம். வெளியே தெரிகிற வாய் குடல், குடலில் கிருமி குடியிருக்கத்தான் செய்யும். "அம்மாவுக்குக் காய்ச்சல் வந்துச்சா?" என்று கேட்டாள். ஒன்பது வருடத்தில் இரண்டு முறை. மஞ்சள் சீட்டுகளை அங்கேயே எண்ணினேன். பத்தொன்பது.

அந்த ஊசி காதைத் தின்னும். கிட்னியையும் விடாது. ஏற்கெனவே அடைத்துக்கொண்டு நிற்கிற கிட்னியென்றால் இன்னும் மோசம். அவளாகச் சொல்லவில்லை, நான் விடாமல் கேட்டு வாங்கினேன்.

பக்கத்துத் தெரு டாக்டர் ஒருநாளும் கேட்கவில்லை, லேப்காரரும் கேட்கவில்லை. யாரும் கேட்காததால் சரி என்று நினைத்தேன். இல்லை, அப்படிக்கூட நினைக்கவில்லை. கர்வமாக இருந்தேன். என் தோழிகள் சினிமாவுக்குப் போகிற சனிக்கிழமைகளில் நான் அம்மாவின் பாட்டிலோடு லேப்புக்குப் போகிறேன் என்று. கல்யாணமாகி வரும்போது உனக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தேன். தப்பை எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு வந்திருக்கிறேன், அம்மா. இன்னும் ஒட்டியிருக்கிறதா?

உன் காது என்னால் போனது. அந்தக் கிருமி ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் குட்டியைத் தூக்க வேண்டாம் என்று எழுதினேன். அதுவும் பையில் பிடித்த சாம்பிள்தான். சிஸ்டரிடம் கேட்டேன், அம்மா குழந்தையைத் தூக்கலாமா என்று. "தாராளமா. நீங்க கை கழுவற மாதிரி அவங்களும் கழுவிட்டுத் தூக்கினா சரி" என்றாள். வேறு நோயாளியைப் பார்க்கப் போய்விட்டாள். நான் அந்த ரப்பர் வயிற்றைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

என்னை மன்னித்துவிடு என்று கேட்பதற்கே கூச்சமாக இருக்கிறது. கேட்கிறேன்.

எங்கேஜ்


ஜூலை 13

எங்கேஜுக்கு,

பரவாயில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். முப்பது வருடம் முகம் தெரியாதவர்களிடம் பரவாயில்லை என்று சொல்லிச் சம்பளம் வாங்கியவள், எனக்கு அது தண்ணீர் பட்ட பாடு. ஆனால் நான் எப்போது வேலைக்காகச் சொல்கிறேன், எப்போது மனதாரச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும். சின்ன வயதில் ஆபீஸுக்குப் போன் பண்ணி, "அம்மா, ஆபீஸ் குரல் வேண்டாம், வீட்டுக் குரல்ல பேசு" என்பாய்.

வீட்டுக் குரலில் சொல்கிறேன். கோபம் வருகிறது. மூன்று நாள் உன் பெயரைச் சொல்லவில்லை. டீச்சர் இரண்டு தடவை கேட்டாள், என்ன எழுதியிருக்கிறாள் என்று. குழந்தைக்குச் சளி என்றேன்.

என்னிடம் இருந்த நல்ல பொருள் காது ஒன்றுதான். மூச்சு விடுகிற சத்தத்தை வைத்தே எந்த மேனேஜர் என்று சொல்வேன். வயிற்றை அறுத்தார்கள், சிறுநீர்ப்பையோடு கர்ப்பப்பையையும் சேர்த்து எடுத்தார்கள், சரி, காது இருக்கிறது என்று எழுந்து வேலைக்குப் போனேன். உன் பிள்ளை அழுததை நான் பார்த்தேன். வாய் திறக்கிறது, முகம் சிவக்கிறது. அது எங்கேஜ் டோனா, ரிங்கா, எனக்குத் தெரியாது. இனி தெரியவும் போவதில்லை.

நான்காம் நாள் உன்னை நினைத்துக்கொண்டேன். ஒரு கையில் செருப்பு, ஒரு கையில் பாட்டில், வாயில் சீப்பு. வேறு யாரும் அந்தப் பாட்டிலைத் தொட்டிருக்கமாட்டார்கள். உன் அப்பா இருந்திருந்தால் அவர்கூட. அதை நினைத்ததும் கோபம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன, ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாமல்.

மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். அதை எந்த எண்ணுக்குக் கொடுப்பதென்று தெரியவில்லை. உள்ளே எங்கோ மணி அடிக்கிறது, எடுக்கத்தான் ஆள் இல்லை. மறுபடி மறுபடி போட்டுப் பார்க்கிறேன்.

சுவரில் ஒட்டியிருந்ததை எடுத்துவிட்டேன். சுண்ணாம்பும் சேர்ந்து பெயர்ந்தது.

ரத்தத்தைச் சுத்தம் செய்கிற மெஷினில் இரண்டு முறை படுத்தேன். இரண்டாம் முறை இதயம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டதாம். இனி வேண்டாம் என்று நானும் டாக்டரும் ஒரே நேரத்தில் சொன்னோம். அவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. டீச்சர் எழுதிக் காட்டினாள், ரெண்டு பேரும் ஒண்ணா சொன்னீங்க என்று. எத்தனை நாள் என்று கேட்டேன். வாரக்கணக்கு என்று எழுதினார்.

லைனில் இரு.

அம்மா


ஜூலை 18

அம்மா,

சனிக்கிழமை வண்டி ஏறுகிறோம். ஞாயிறு சாயங்காலம் உன் வாசலில் இருப்போம். குட்டிக்கு நெஞ்சு தெளிந்துவிட்டது. தெளியாவிட்டாலும் வருவதாகத்தான் இருந்தேன். இவர் லீவு கேட்டார், கிடைக்கவில்லை. நானும் அவளும் மட்டும்.

கோபம் இருக்கட்டும். அதை நான் வந்து சரிபண்ணப் போவதில்லை. கோபத்தோடேயே குட்டியைத் தூக்கு. அது போதும்.

அவளுக்கு அடுத்த வாரம் ஆறு மாதம். ஏழு கிலோ. யார் கையை நீட்டினாலும் தாவுகிறாள், கடைக்காரரிடம்கூடத் தாவுகிறாள். உன் மடியில்தான் முதலில் வைப்பேன், செருப்பைக் கழற்றுவதற்கும் முன்னால். பை சிஸ்டரின் ரப்பர் வயிற்றில் நாலு தடவை பை மாற்றிப் பழகிக்கொண்டேன். சரியான முறையில். அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள். இனி சின்னவளை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ உன் பேத்தியைப் பார்.

இதை அவசரத் தபாலில் போடுகிறேன், எனக்கு முன்னால் வந்துவிடும் என்று தபால் ஆபீஸில் சொன்னார்கள். பதில் போட நேரம் இருக்காது. போடாதே. நான் வந்துகொண்டிருக்கிறேன்.

எங்கேஜ்


ஜூலை 20

எங்கேஜ்,

அவசரத் தபாலில் போடச் சொல்லி டீச்சரிடம் கொடுக்கிறேன். நீ வண்டி ஏறுவதற்குள் கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் திரும்பிப் போய்ப் படி.

எழுத்து ஓடுகிறது, பொறுத்துக்கொள். கை உதறுகிறது. ரத்தத்தில் கழிவு ஏறினால் இப்படித்தான் ஆகும் என்று டாக்டர் எழுதிக் காட்டினார். நேற்று டம்ளர் விழுந்தது. தரையில் தண்ணீரைப் பார்த்த பிறகுதான் விழுந்தது எனக்கே தெரிந்தது.

ஏழு கிலோ என்று எழுதியிருந்தாய். அத்தனை அரிசியை டப்பாவில் அளந்து ஒரு பையில் போட்டு, தலையணை உறைக்குள் வைத்துக் கட்டிக் கொடுக்கச் சொன்னேன். டீச்சர் எதற்கென்று கேட்காமல் கட்டிக் கொடுத்தாள். மடியில் வைத்துப் பிடித்துப் பார்த்தேன். மூன்று தடவை. இரண்டு தடவை நழுவியது. மூன்றாவது தடவை நான் பிடித்துக்கொண்டிருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். டீச்சர் குனிந்து கீழேயிருந்து எடுத்தாள்.

அதனால் வா. கட்டிலில் எனக்கு எதிரே அவளை உட்கார வை, பின்னால் நீ பிடித்துக்கொள். நான் பார்க்கிறேன். தாவுகிற பிள்ளை என்கிறாய், தாவினால் நீ விடாதே. மடியில் மட்டும் வேண்டாம்.

நான் கிழித்துக்கொண்டு வந்த தாளை இதோடு வைத்திருக்கிறேன். உன் நோட்டில் ஒட்டிக்கொள். நீ எழுதிய அன்றைக்கு அது தப்பு. அன்றைக்கு என் கை நன்றாக இருந்தது, மறுநாள் காலையில் அந்தக் கையால்தான் விரிப்பைச் சுருக்கமில்லாமல் மடித்து வைத்துவிட்டு வந்தேன். இப்போது அந்த வரி சரியாகிவிட்டது.

சின்னவள் நேற்றிலிருந்து காய்ந்து கிடக்கிறாள்.

நீ மன்னிப்புக் கேட்டாயே, அந்த எண்ணை இன்னும் யாரும் எடுக்கவில்லை. காத்துக்கொண்டிருக்காதே.

வச்சிடறேன்.

அம்மா